மணலில் விழுந்த எண்ணெய்த் துளி

தார் வீதியில் விழுந்திருந்தால் எவர் கண்ணிலும் பட்டிராத ஓர் எண்ணெய்த் துளி, ஆலங்குடாவின் வெளிறிய மணலில் விழுந்தபடியினால் என் கண்ணிற் பட்டது. அதனால் ஒரு பெரும் விபத்துத் தப்பியது என்று எழுதினால் மிகையாகலாம். ஆயினும், அத்துளியைக் காணாதிருந்தால் அன்று மாலையே எட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அதே வானிற் புறப்பட்டிருப்பேன் என்பதை நினைக்கும்போது இப்பொழுதும் நெஞ்சு திடுக்கிடுகிறது.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். என்னோடு ஒரே கல்லூரியில் நெடுங்காலம் படிப்பித்து இளைப்பாறிய முஸ்லிம் நண்பர் ஒருவர் ஆலங்குடாவில் வசித்து வருகிறார். ஆண்டுக்கு ஒரு முறையாவது விடுமுறையில் அவர் வீட்டுக்குக் குடும்பத்தோடு சென்று நான்கு நாள் தங்கி வருவது எங்கள் வழக்கம். சிலாபத்திலிருந்து புத்தளம் வீதியால் வடக்கே சென்று, உப்பளங்கள் நிறைந்த பாலாவியில் கற்பிட்டி வீதிக்குத் திரும்பினால், ஒரு புறம் களப்பும் மறுபுறம் பெருங்கடலுமாக நீண்டு கிடக்கும் தீபகற்பத்தினுள் நுழைந்துவிடுவோம். வெங்காயமும் மிளகாயும் பயிராகும் மணற்றோட்டங்களைக் கடந்து, நுரைச்சோலை அனல் மின்னிலையத்தின் உயர்ந்த புகைபோக்கி தென்பட்டதும், 'வந்துவிட்டோம்' என்று பிள்ளைகள் ஆரவாரஞ் செய்வார்கள்.

இம்முறை அந்த ஆரவாரத்தின் நடுவே ஒரு கழுதை குறுக்கிட்டது. இத்தீபகற்பத்தில் கழுதைகள் வீதியில் உலாவுவது புதினமன்று. நான் பிறேக்கை மிதித்தேன். வான் நேரே நிற்கவில்லை. வலப்பக்கமாக, அதாவது எதிரே வரும் வாகனங்களின் பக்கமாக, இழுத்துக்கொண்டு போய் நின்றது. நல்ல வேளை, எதிரே ஒன்றும் வரவில்லை. கழுதை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வழியே சென்றது. 'வீதியில் மணல் படிந்திருக்கிறது, அதனால் வழுக்கியது' என்று மனைவிக்குச் சொன்னேன். எனக்கும் அதையே சொல்லிக்கொண்டேன்.

மறுநாட் காலை, வானின் பின்பக்க இடது சில்லின் உட்புறத்தின் கீழே, ஒரு ரூபாய்க் குற்றியளவு கறுத்த கறையொன்று மணலில் ஊறியிருந்தது. குனிந்து பார்த்தேன். சில்லின் உட்புறச் சுவரில் ரயர் மீதும் ஈரமான கோடுகள் ஓடியிருந்தன. எனக்குச் சினம் வந்தது. ஏனெனில் அவ்விடத்து எண்ணெய்த் தடுப்பு வளையத்தை, கராஜ்களில் 'ஒயில் சீல்' என்று சொல்லப்படுவதை, ஓராண்டினுள் இருமுறை மாற்றியிருந்தேன். எங்கள் பக்கத்து நகரமொன்றிலுள்ள கராஜில் முதன்முறை மாற்றி மூன்று மாதத்தில் மீண்டும் ஒழுகியது. இரண்டாம் முறை மாற்றி நான்கு மாதமாகிறது. 'சீல் நல்லதில்லை, இப்போது வருகிற சாமான் எல்லாம் இப்படித்தான்' என்று அங்கே சொன்னார்கள். நானும் அதை நம்பினேன்.

மேலே செல்லுமுன் இந்த வளையம் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்பதை இளம் வாசகர்களுக்காகச் சொல்ல வேண்டும். மாட்டு வண்டியில் அச்சு அசையாமல் நிற்க, அதன் மேற் சில்லுச் சுழலும். பின்சில்லுகள் இழுக்கின்ற மோட்டார் வாகனத்திலோ, பின்னச்சு ஒரு வெற்றுக் குழாய். அதன் நடுவே 'டிபரன்சல்' என்னும் பற்சில்லுத் தொகுதி. அதிலிருந்து இடமும் வலமுமாக இரண்டு தண்டுகள் குழாயினுள்ளே சென்று சில்லுகளைச் சுழற்றுகின்றன. பற்சில்லுகள் தேயாதிருக்க உள்ளே தடித்த கியர் எண்ணெய் நிற்கும். தண்டு வெளியே வரும் இருமுனைகளிலும் அவ்வெண்ணெய் வெளியேறாமற் காப்பதே சீலின் வேலை. தகட்டு வளையமொன்றின் உள்விளிம்பில் இறப்பர் உதடு. அவ்வுதட்டைச் சுற்றி மயிரிழை போன்ற கம்பிச்சுருள் ஒன்று, தண்டின் மேல் மென்மையாக அழுந்தும்படி அதைத் தழுவி நிற்கும். அவ்வளவுதான் அந்தச் சாமான்.

சீலுக்கு அப்பால் ஓரிரு அங்குலத் தூரத்தில் இருப்பது பிறேக். இதுவே விஷயத்தின் பயங்கரமான பகுதி. கசிந்த எண்ணெய் முதலில் மணலுக்கு வருவதில்லை. பிறேக் லைனரில் ஊறி, ட்ரம்மினுள் நிறைந்து, மிஞ்சியதே வெளியே சொட்டும். ஒரு பக்கத்து லைனர் எண்ணெயில் ஊறினால் அப்பக்கத்துச் சில்லுப் பிடிக்காது, மறுபக்கம் பிடிக்கும். கழுதைக்கு முன்னே வான் வலப்பக்கம் இழுத்த இரகசியம் இதுதான்.

நண்பர் என்னைத் தம் அயலிலுள்ள ஒரு மெக்கானிக்கிடம் அழைத்துச் சென்றார். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளக் கரையில் வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. இளமையில் யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின், மொறிஸ் கார்களில் தொழில் பழகியவர். கராஜ் என்று சொல்ல நான்கு தென்னங் கம்பமும் ஒரு தகரக் கூரையுமே உண்டு. ஊரார் 'நானா' என்கிறார்கள். நானும் அப்படியே அழைத்தேன்.

"எத்தனை தரம் சீல் மாத்தினீங்க, சேர்?" என்று கேட்டார்.

"இரண்டு தரம், நானா."

"அப்ப மூணாந்தரமும் மாத்தலாம், நாலாந்தரமும் மாத்தலாம். சீல் பாவம், சேர். அதுல குத்தமில்ல."

அவர் சாவியொன்றையும் எடுக்கவில்லை. முதலில் ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் கேட்டார். ரயரில் வழிந்திருந்ததைக் குச்சியில் தொட்டு அதில் விட்டார். துளி கரையாமல் மேலே மிதந்தது. சில்லருகே ஒழுகுவது கியர் எண்ணெய்யாகவும் இருக்கலாம். பிறேக் எண்ணெய்யாகவும் இருக்கலாம். சாதாரணமாகப் பாவிக்கப்படும் பிறேக் எண்ணெய் தண்ணீரிற் கலந்து மறைந்துவிடும். கியர் எண்ணெய் கலக்காது. அன்றியும் கியர் எண்ணெய்க்குக் கந்தகச் சேர்க்கையாலான ஒரு கெட்ட நாற்றம் உண்டு. ஒருமுறை முகர்ந்தவர் மறவார். (பிறேக் எண்ணெய் நஞ்சு, நாவில் வைத்துப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம்.) நண்பரின் பேத்தி, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பவள், இந்தப் பரிசோதனையை ஆவலோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்து நானா செய்ததை அந்த நகரத்துக் கராஜில் எவரும் செய்யவில்லை. ஒழுகாத வலப்பக்கத்துக்குப் போனார். அங்கேயும் பிறேக் தகட்டின் அடியில் விரலை வைத்துத் துடைத்துக் காட்டினார். எண்ணெய்ப் பிசுக்கு! ஒரு பக்கம் மாத்திரம் ஒழுகினால் அந்தப் பக்கத்துச் சீலையோ பெயரிங்கையோ தண்டையோ சந்தேகிக்க வேண்டும். இரு பக்கமும் ஒழுகினால் காரணம் நடுவில் இருக்கிறது. எண்ணெய் அளவுக்கு மிஞ்சி ஊற்றப்பட்டிருக்கலாம், அல்லது அச்சுக் குழாய் மூச்சு முட்டுகிறது. நம் வீதிகள் இடது ஓரமாகச் சரிந்திருப்பதால் எண்ணெய் இடப்பக்கம் அதிகமாகச் சேர்கிறது. ஆகவே இடது முந்திக்கொண்டது என்பது நானாவின் எண்ணம்.

மூச்சு முட்டுவது என்றால் என்ன? அச்சுக் குழாயின் மேற்புறத்தில் சிறு துளையொன்றும் அதற்கு ஒரு குட்டி மூடியும் இருக்கும். பிறீதர் என்பர், நாம் சுவாசத் துளை எனலாம். நானா கீழே படுத்து, விரலால் தடவி அந்த இடத்தைத் தேடினார். மூடி அகப்படவில்லை. தார் போன்ற கறுப்புப் பூச்சு ஒன்று அச்சு முழுவதையும் மூடியிருந்தது. கத்தி முனையாற் சுரண்டச் சுரண்ட, பூச்சினுள்ளே புதையுண்டு கிடந்த மூடி வெளிப்பட்டது. அதைக் கழற்றியபோது 'புஸ்' என்று ஒரு மெல்லிய பெருமூச்சு. முன்னாள் மாலை நின்ற வான், இரவு முழுவதும் ஆறிய பின்னர். அது உள்ளே இழுத்த காற்றா, வெளியே விட்ட காற்றா என்று எனக்குத் தெரியவில்லை. என் முகத்தில் அறைந்த காற்று என்பது மட்டும் நிச்சயம்.

ஏனெனில் அந்தப் பூச்சைப் பூசுவித்தவன் நானே. உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிக்குமே என்று அஞ்சி, ஒன்றரை ஆண்டுக்கு முன் வானின் அடிப்பாகம் முழுவதற்கும் அதை அடிக்கச் செய்தேன். ஒழுக்குத் தொடங்கியது அதன் பின்னரே. இரண்டையும் நான் ஒருபோதும் சேர்த்துப் பார்த்ததில்லை.

இதில் இன்னொரு வெட்கம். நான் பௌதிகவியல் ஆசிரியன். கனவளவு மாறாதிருக்க வாயுவின் அமுக்கம் தனிவெப்பநிலைக்கு நேர்விகிதசமம் என்று இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வருபவன். காலையில் 30 பாகை செல்சியசில் இருக்கும் அச்சு, பாரத்தோடு நீண்ட தூரம் ஓடினால் 90 பாகை வரை சூடேறக்கூடும். தனிவெப்பநிலையில் அது 303 இலிருந்து 363. ஐந்திலொரு பங்கு உயர்வு. துளை அடைபட்டிருந்தால் உள்ளிருக்கும் காற்றின் அமுக்கமும் ஐந்திலொரு பங்கு கூடும். சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ மூன்று இறாத்தல். எண்ணெயும் சூட்டிற் பெருத்துக் காற்றின் இடத்தை நெருக்கும். இரண்டு லீற்றர் எண்ணெய் அவ்வளவு சூட்டில் 80 மில்லிலீற்றர் அளவு பெருக்கும் என்று கணக்கிட்டேன். சீலின் மெல்லிய உதடு எண்ணெயைத் தடுக்கப் பிறந்ததேயன்றி அமுக்கத்தோடு மல்லுக்கு நிற்கப் பிறந்ததன்று. எத்தனை புதுச் சீல் போட்டால்தான் என்ன? இக்கணக்கை அந்தப் பேத்தி மணலிற் குச்சியால் எழுதி முடித்தபோது நானா சிரித்தார். "இதெல்லாம் எனக்குத் தெரியாது, மகள். சட்டியை இறுக்கி மூடினாப் பொங்கும், அது தெரியும்" என்றார்.

மூச்சுத் துளையைத் திறந்துவிட்டதனால் மாத்திரம் வேலை முடியவில்லை. கெட்ட சீல் கெட்டதே. அன்று நடந்த வேலையைச் சொல்கிறேன். சொந்தமாக வாகனம் வைத்திருப்போர், தாமே செய்யாவிட்டாலும், பக்கத்தில் நின்று பார்க்கவாவது இது உதவும்.

மணலில் ஜக் நில்லாது, புதையும். ஆகையால் கனத்த பனம்பலகையொன்றின் மேல் ஜக்கை வைத்து, முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, உயர்த்திய பின் அச்சின் கீழே இரும்புத் தாங்கிகளை நிறுத்தினார்கள். ஜக் ஒன்றை மட்டும் நம்பி வாகனத்தின் கீழே தலையை நீட்டியவர்களின் கதை எந்த ஊரிலும் ஒன்றிரண்டு உண்டு. கைப்பிறேக்கைத் தளர்த்திச் சில்லையும் ட்ரம்மையும் கழற்றியபோது லைனர்கள் எண்ணெயில் குளித்திருந்தன. பழைய லைனர்களின் தூளில் கல்நார் இருக்கக்கூடும்; ஆகவே காற்றடித்து ஊதாமல் நனைத்துத் துடைத்தார் நானா. அதை அவரது பையன்கள் இருவருக்கும் அதட்டிச் சொன்னதும் என் காதில் விழுந்தது.

பெயரிங்கைத் தாங்கும் நான்கு நட்டுக்களையும் கழற்றியும் தண்டு வெளியே வர மறுத்தது. அப்போது ஒரு தந்திரம். கழற்றிய ட்ரம்மைத் திருப்பி வைத்து, சில்லு நட்டுக்களைத் தளர்வாக இரண்டு மூன்று சுற்று மட்டும் பூட்டி, இரு கைகளாலும் ட்ரம்மைப் பிடித்து வெளிப்புறமாக வெட்டி இழுத்தார். ட்ரம்மே சம்மட்டியாகி நட்டுக்களில் மோத, நான்காம் இழுப்பில் தண்டு வந்தது. பெயரிங்கைச் சுழற்றிக் காதருகே வைத்துக் கேட்டார், ஆட்டிப் பார்த்தார். பெயரிங் தேய்ந்து தண்டு ஆடுமானால் எந்தச் சீலும் நிலைக்காது. அதைவிடவும் பெரிய ஆபத்து உண்டு. இத்தகைய வான்களிலும் கார்களிலும் தண்டு சில்லைச் சுழற்றுவதோடு வண்டியின் பாரத்தையும் சுமக்கிறது. பெயரிங்கின் பிடி விட்டால் சில்லும் தண்டும் ஒன்றாக வெளியே புறப்பட்டுவிடும். பார லொறிகளிலும் பழைய லாண்ட் றோவர்களிலும் பாரத்தைச் சுமப்பது சில்லின் குடமும் அச்சுக் குழாயுமே. தண்டுக்கு முறுக்குவது ஒன்றே வேலை. சில்லைக் கழற்றாமலே அங்கே தண்டை உருவிவிடலாம். நம் வானின் பெயரிங் நல்ல நிலையில் இருந்தது.

தண்டைத் துடைத்து வெயிலிற் பிடித்து, "நகத்தால தடவிப் பாருங்க" என்றார். சீலின் உதடு பட்ட இடத்தில் ஒரு வட்டப் பள்ளம் நகத்திற் தட்டியது. மெல்லிய இறப்பர் உருக்கைத் தேய்ப்பதெப்படி என்று வியப்புத் தோன்றும். மணற்றூளும் துருவும் உதட்டிற் பதிந்து அரம்போல் அராவுகின்றன. பழைய கிணற்றுக் கட்டுகளில் கயிறு பதித்த தழும்பை நாம் கண்டதில்லையா? இந்தப் பள்ளத்தோடு புதுச் சீல் போட்டால் உதடு பள்ளத்தினுள் விழுந்து மீண்டும் ஒழுகும். தண்டின் மேல் மெல்லிய உருக்கு உறையொன்றைச் செலுத்தலாம்; அல்லது புதுச் சீலைப் பழைய இடத்திலிருந்து இரண்டு மில்லிமீற்றர் தள்ளி இருத்தினால் உதடு தேயாத இடத்தைப் பற்றும். இடம் இருந்தபடியால் நானா இரண்டாவதைச் செய்தார்.

பழைய சீலின் முகத்திலிருந்த எண்களைக் குறித்து நுரைச்சோலைக்கு ஆள் அனுப்பி இரண்டு சீல்களும், இருபக்கத்துக்குமாக ஒரு தொகுதி லைனரும் வருவித்தோம். எண்ணெய் ஊறிய லைனரை மண்ணெண்ணெயாற் கழுவியோ நெருப்பிற் காட்டியோ மீண்டும் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சூடேறியதும் உள்ளே ஊறியது மேலே வரும். ஒரு பக்கத்துக்கு மாத்திரம் புதிது போடுவதும் தவறு, பழையபடி இழுக்கும்.

புதுச் சீலின் கம்பிச்சுருள் உள்ள முகம் எண்ணெய் இருக்கும் உட்பக்கம் நோக்க வேண்டும். உதட்டில் சிறிது கிறீஸ் பூசி, சீலின் விட்டத்துக்கு ஏற்ற குழாய்த் துண்டை மேலே வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கினார். பின்னர் தண்டைச் செலுத்தும்போதுதான் அவருடைய கை எனக்கு வியப்பளித்தது. தண்டின் நுனியில் கூரிய பற்கோடுகள் இருக்கின்றன. பாரமான தண்டு சற்றுச் சாய்ந்தால் அவை உதட்டைக் கீறிவிடும். குழந்தையை ஏந்துவதுபோல் இரு கைகளாலும் தாங்கி, சீலிற் படாமல் உள்ளே விட்டார். நகரத்தில் போட்ட இரண்டு சீல்களுள் ஒன்றாவது இந்த இடத்திலேயே உயிர் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அக்கராஜையே முழுதும் பழிக்க நான் யார்? பூச்சு என்னுடையது.

எண்ணெய் மாற்றும்போது முதலில் ஊற்றும் துளையின் ஆணியைத் திறந்து பார்த்து, அது திறக்கிறதென்று கண்ட பின்னரே அடியிலுள்ள வடி ஆணியைத் தொட வேண்டும். எண்ணெயை வடித்துவிட்டு, மேல் ஆணி துருப்பிடித்துத் திறக்க மறுத்தால் வண்டி நின்ற இடமே கதி. வண்டி சமதரையில் நிற்க, ஊற்றுத் துளையின் கீழ்விளிம்புக்கு வரும்வரை ஊற்றினால் போதும். 'கொஞ்சம் கூட இருக்கட்டும்' என்பது சோற்றுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

இந்த வளையத்துக்கு ஒரு சரித்திரமும் உண்டு. முற்காலத்து வண்டிகளில் கம்பளித் துண்டும் தோலுமே எண்ணெயைத் தடுத்தன. ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் தோல் பதனிடுவதையே குலத்தொழிலாகக் கொண்டிருந்த புறொய்டன்பர்க் குடும்பத்தாரின் நிறுவனம் 1929 அளவில் தோலினாலான சீல்களைச் செய்யத் தொடங்கிற்று. எண்ணெயிற் கெடாத செயற்கை இறப்பர் 1930களில் வந்ததும் தோலின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. காலணிக்குத் தோல் பதனிட்ட கைகள் மோட்டாருக்கு உதடு செய்யப் புறப்பட்டதை எண்ணி நான் நின்றபோது, நானா அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

அது மீன்பெட்டி ஏற்றும் ஒரு டபள் கப். வள்ளத்தைக் கரைக்கு இழுக்கையில் அதன் பின்சில்லுகள் அலைக்குள் இறங்குகின்றனவாம். சூடேறிய அச்சு குளிர்ந்த நீரிற் பட்டதும் உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, சீல் வழியாகவும் சுவாசத் துளை வழியாகவும் கடல்நீரை உறிஞ்சிவிடும். வடித்த எண்ணெயை ஒரு தகரத்திற் காட்டினார். பால் விட்ட தேநீர் போலிருந்தது. அதற்கு மருந்து, எண்ணெயை மாற்றுவதோடு, சுவாசத் துளையில் ஓர் இறப்பர்க் குழாயைப் பூட்டி அதன் மறுமுனையை நீருக்கு எட்டாத உயரத்தில் கட்டிவிடுவது. கடற்கரை வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்வார்களாக.

எங்கள் வான் மாலை ஐந்து மணிக்கு ஆயத்தமாயிற்று. முதலில் நானாவும் நானும் மட்டும் ஆளில்லாத மணற்பாதையில் அதை ஓட்டி, மெதுவாகவும் பின்னர் சற்று வேகமாகவும் பலமுறை பிறேக் போட்டுப் பார்த்தோம். நேரே நின்றது. எட்டுப் பிள்ளைகளும் அதற்குள் கடற்கரைக்கு நடந்தே போய்த் திரும்பியிருந்தார்கள்; அவர்களுடைய கோபம் தீர இரண்டு நாளாயிற்று.

சிலாபத்தில் எங்கள் வீட்டு முற்றம் சீமெந்திட்டது. பழைய கறைகளோடு புதுக் கறை தெரியாது. ஆகையால் இப்போது ஞாயிறுதோறும் இரவில், வாசித்து முடித்த பத்திரிகையின் இரண்டு தாள்களைப் பின்சில்லுகளின் கீழே விரித்து வைக்கிறேன். திங்கட் காலையில் முதல் வேலை அவற்றை எடுத்துப் பார்ப்பது. ஏழு வாரமாகிறது, அச்சு மையைத் தவிர வேறு கறை இல்லை.